பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரிடம் போவது?

கேள்வி: விசுவமடுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் 14 வயதில் ஒரு பெடியன், 12 வயதில் தங்கச்சி. நுண்கடன் கட்ட வழியில்லாமல் தாய் குவைத்துக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது. தகப்பன் கூலி வேலை, பின்னேரமானால் குடி. அப்பம்மாதான் பிள்ளைகளைப் பார்க்கிறா, அவவுக்குக் காது கேட்காது. பெடியன் இந்தத் தவணை பள்ளிக்கூடமே போகவில்லை, பழைய இரும்பு பொறுக்குகிற ஆட்களோடு திரிகிறான். தங்கச்சி பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போக மனமில்லாமல் நிற்கிறாள். தகப்பனோடு குடிக்க ஒருவர் வருகிற நாட்களில்தான் அப்படி நிற்கிறாள் என்று கவனித்திருக்கிறேன். கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கமான 1929க்கு அடித்தால் என் பெயர் வெளியே வருமா? பிள்ளைகளைப் பிரித்துச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்களா? விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொன்னால் போதாதா?

பதில்: உங்களைத் தடுத்து வைத்திருக்கிற பயம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். முறைப்பாடு கொடுத்தால் அடுத்த நாளே வாகனத்தில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வன்னியில் பலர் நம்புகிறார்கள். போருக்குப் பிறகு இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறை அப்படி இல்லை. 2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை, இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பதை நீதவான்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுவர் விடயங்களைப் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, குடும்ப நிலைமையை எழுதிக் கொடுக்கிற அறிக்கையை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். உடனடி ஆபத்து என்றால் பிள்ளையை முதலில் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவார்கள், அப்போதும் விடயம் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.

இதில் உங்களைப் போன்ற அயலவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நீதவான் பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம். அது தாயின் அக்காவாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். பிள்ளைகளை இல்லத்துக்கு விடாமல் வைத்திருக்கக்கூடிய சொந்தக்காரர் யார் என்பதை உத்தியோகத்தர் தானாகக் கண்டுபிடிக்க நாளாகும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். தருமபுரத்திலோ முரசுமோட்டையிலோ அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியம்மா இருந்தால் அந்தப் பெயரையும் ஊரையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். இல்லம் வேண்டாம் என்று வாதாடுவதைவிட அது பயன்படும்.

சரி, யாரிடம் போவது? விதானையாருக்குச் சொல்வதில் தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். இப்படியான விடயத்தை விசாரிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. ஊருக்குள்ளேயே பேசிச் சமாளிக்கத்தான் அவர் பெரும்பாலும் பார்ப்பார், தகப்பனுக்கும் அன்று பின்னேரமே செய்தி போய்விடும். நீங்கள் தேட வேண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிறார்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோர்தான் அவர்கள். இவர்களில் யாரைப் பிடித்தாலும் மற்றவர்களுக்கு அவர்கள் தெரிவிப்பார்கள். கள வேலைக்கு வெளியே போகிற நாட்கள் உண்டு என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகம். ஏ-35 வீதியில் கொஞ்சம் பரந்தன் பக்கமாக வந்தால் தருமபுரம், அது கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரதேச செயலகம். எல்லைக் கிராமங்களில் இருக்கிறவர்கள் மாறிப் போய் அலைந்துவிட்டு, சலித்து விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் வீடு எந்த ஜி.எஸ். பிரிவு (விதானையார் பிரிவு) என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

நேரில் போகத் தயக்கம் என்றால் 1929. இது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், முப்பது வீடு உள்ள கிராமத்தில் நீங்கள் பெயரை மறைத்தாலும் ஊர் ஊகித்துவிடும். பெயரைக் கொடுத்து, அதை இரகசியமாக வைக்கும்படி கேட்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். திரும்ப அழைத்து விபரம் கேட்க ஆள் இருந்தால் வேலை வேகமாக நகரும். அது முடியாது என்றால் பெயரில்லாமல் அடியுங்கள், அடிக்காமல் மட்டும் இருக்க வேண்டாம்.

இனித் தங்கச்சியின் விடயம். அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாமல் விட்டதும் நல்லது. சந்தேகத்தை நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் கண்டது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒருவர் வருகிற நாட்களில் 12 வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போக மறுக்கிறாள். ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பதற்கு இதுவே போதும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், யார் வந்தார், பிள்ளை என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்று எழுதி வையுங்கள். "பயந்தமாதிரி இருந்தாள்" என்று எழுதுவதைவிட "ஏழு மணிவரை போகவில்லை, சாப்பிடவில்லை, அப்பம்மா கூப்பிட்டும் எழும்பவில்லை" என்று எழுதுவது நல்லது.

அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அந்த ஆள் உன்னைத் தொட்டவனோ?" என்று நாமாக ஒரு பெயரையும் செயலையும் எடுத்துக் கொடுத்தால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அதைத்தான். பிள்ளைக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்பார். ஒரே கதையை அயலவருக்கு, ரீச்சருக்கு, பொலிசுக்கு, வைத்தியருக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பெரிய கொடுமை. பயிற்சி உள்ளவர்கள் எடுக்கிற முதல் நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாகக் கொடுக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதே இதற்காகத்தான். அவளாக வாய் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "எனக்குச் சொன்னது நல்லது பிள்ளை, உன்னில பிழையில்லை" என்று சொல்லுங்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. அவள் போன பிறகு, அவள் பாவித்த சொற்களை அப்படியே எழுதுங்கள்.

பின்னேரங்களில் அவள் வந்து படிக்க, சாப்பிட உங்கள் கதவு திறந்திருக்கட்டும். ஆனால் இரவில் வைத்திருப்பதில் கவனம் வேண்டும். 16 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளையைப் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் குற்றவியல் சட்டப்படி அது ஆட்கடத்தல் என்று முறைப்பாடு வரலாம். நல்லது செய்யப் போனவர்கள் பொலிசில் நின்று விளக்கம் கொடுத்த கதைகள் உண்டு. அப்பம்மாவின் சம்மதத்தோடு, இன்னொரு அயலவருக்கும் தெரிய வைத்திருங்கள். ஓர் இரவு அவள் அழுதுகொண்டு ஓடி வந்தால் உள்ளே எடுத்துவிட்டு, அந்த நேரமே 1929க்கோ பொலிஸ் அவசர இலக்கமான 119க்கோ அடித்துச் சொல்லிவிடுங்கள். அடித்த நேரம் பதிவில் இருக்கும், அது உங்களுக்கும் பாதுகாப்பு.

பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல், மாற்றிய உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு, கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் பொலிசுக்குப் போனால்தான் வைத்தியசாலையில் எடுப்பார்கள் என்பது பிழையான கதை. நேரே போகலாம், வைத்தியசாலையே பொலிசுக்கு அறிவிக்கும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். நோய்த் தொற்றைத் தடுக்கிற சில மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை, அதனால்தான் அவசரம். நாள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும், மருத்துவமும் சாட்சியமும் அதோடு முடிந்துவிடுவதில்லை. 16 வயதுக்குக் கீழே பிள்ளையின் "சம்மதம்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பொலிஸ் என்றால் இங்கே ஏன் கால் பின்வாங்குகிறது என்பது எனக்குத் தெரியும். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு என்று தனியாக இருக்கிறது, அங்கே பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், தமிழ் அரச கரும மொழி, இது சலுகை இல்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில், மொழிபெயர்த்து வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். முறைப்பாட்டை எடுக்கவே மறுத்தால் 1929க்கு அதையும் சொல்லுங்கள், அல்லது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

விடயம் வெளியே தெரிந்தால் ஊரில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று முகநூல். "அப்பாவிச் சிறுமிக்கு நீதி வேண்டும்" என்று வீட்டுப் படத்தோடு யாராவது போடுவார்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவில் குற்றம். எந்த நோக்கத்தோடு போட்டாலும் பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். மற்றது, கோயிலடியில் பெரியவர்கள் கூடி, ஆளைக் கூப்பிட்டுக் கண்டித்து, காசு வாங்கிக் கொடுத்து முடிப்பது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்தவள் என்றால் கட்டி வைத்துவிடுவது. சண்டைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் போர்க்காலத்தில் பிள்ளைகளை அவசரமாகக் கட்டிக்கொடுத்த ஊர் இது, அந்தப் பழக்கத்தின் நிழல் இன்னும் போகவில்லை. பொதுவான விவாகச் சட்டத்தில் 18 வயதுக்கு முன் திருமணம் செல்லாது. இணக்கம் பேசி முடிக்கிற விடயமும் இது அல்ல.

பெடியனுடையது வேறு விதமான ஆபத்து. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம், 2021இல் திருத்திய சட்டப்படி வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதும் 16தான். ஆபத்தான வேலைக்கு 18. சட்டத்தை விடுங்கள், வன்னியில் பழைய இரும்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கடைசிச் சண்டை நடந்த காணிகளில் கிண்டி எடுப்பதில் எது வெறும் இரும்பு, எது வெடிக்காத குண்டு என்று 14 வயதுப் பிள்ளையால் பிரித்தறிய முடியாது, பெரியவர்களாலும் முடியாது. கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை இல்லாத காணி என்பதற்காக அது துப்புரவாக்கிய காணி என்று ஆகிவிடாது. இதை அவனிடமே நேரடியாகச் சொல்லுங்கள்: சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியால் திரும்பி வந்து சொல். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறவரின் பெயர், வாகனம், வாங்குகிற கடை ஆகியவற்றை உங்கள் முறைப்பாட்டில் சேருங்கள். அதிபருக்கு வரவுப் பதிவு இருக்கிறது, வலயக் கல்விப் பணிமனையில் இடைவிலகிய பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கிற முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. ஒரு தவணை விட்டுப்போனவனைத் திரும்பச் சேர்ப்பது கடினமில்லை, ஒரு வருசம் போய்விட்டால் கடினம்.

தகப்பனைப் பற்றியும் ஒரு சொல். பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனியாமல் விடுவதும் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ பிரிவின் கீழ் குற்றம்தான், இரண்டு முதல் பத்து வருடச் சிறை வரை போகலாம். ஆனால் குடியை விடவைத்து வீட்டை நிமிர்த்த முடியுமா என்று உத்தியோகத்தர்கள் முதலில் பார்ப்பதுண்டு. வைத்தியசாலை மனநலப் பிரிவில் அதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. நீங்கள் அவரோடு போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

தாய்க்கு உடனே அழைத்துச் சொல்லத்தான் மனம் வரும். கொஞ்சம் பொறுங்கள். அங்கிருந்து அவ பதறிப்போய் முதலில் அழைப்பது புருசனைத்தான், உத்தியோகத்தர் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் வாய் அடைத்துவிடுவார்கள். தாய் வெளிநாடு போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பிரதேச செயலகத்தில் விபரம் எடுத்திருக்கக்கூடும். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அந்தக் கோப்பு இருந்தால், அதில் பொறுப்பாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தாயின் குவைத் இலக்கத்தைச் சிறுவர் விடயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தரிடமே கொடுங்கள், பிள்ளையைச் சந்தித்த பிறகு அவர் அழைத்துப் பேசட்டும்.