போஷ் கப்பலில் வந்ததா?

கேள்வி: சென்னையில் 'போஷ் ஏரியா' என்கிறோமே, அந்தப் 'போஷ்' இந்தியா வந்த ஆங்கிலேயர் கப்பலில் பிறந்த சொல்லாம். வரும்போது கப்பலின் இடப்பக்க அறைகளிலும், ஊர் திரும்பும்போது வலப்பக்க அறைகளிலும் வெயில் குறைவு. பணக்காரர்கள் அவற்றைக் கேட்டு வாங்குவார்கள். அவர்களுடைய டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை முத்திரை குத்துவார்களாம். இதைத் துணுக்காக வெளியிடுவீர்களா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெளியிட மாட்டேன். கதை அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

வெயில் கணக்கு சரிதான். கிழக்கு நோக்கி வரும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு. அந்தப் பக்கம் நிழல் அதிகம். ஆனால் முத்திரை எங்கே? பி அண்ட் ஓ கம்பெனி எத்தனையோ ஆண்டுகள் இந்தியாவுக்குக் கப்பல் ஓட்டியது. பழைய டிக்கெட்டுகளைப் பலர் பத்திரப்படுத்தியும் இருக்கிறார்கள். அந்த நான்கெழுத்து முத்திரையோடு ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. கப்பல் கதை அச்சில் தலைகாட்டுவதே 1930களில்தான்.

சொல்லோ அதற்கு வெகு முன்பே புழங்கியது. 1914இல் வந்த பிரிட்டிஷ் ராணுவம் பற்றிய ஒரு நூல், குதிரைப்படை வீரர்கள் 'போஷ்' உடுப்பு போட்டுக்கொள்வதில் ஆசை உள்ளவர்கள் என்கிறது. அரசாங்கம் கொடுத்த சீருடையைவிட உசத்தியான துணிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. 1918இல் 'பஞ்ச்' பத்திரிகையின் கேலிச்சித்திரத்தில் ஓர் இளம் விமானப்படை அதிகாரி அதே சொல்லைத் தன் தாயிடம் சொல்கிறான். இவர்கள் யாரும் கப்பலைப் பற்றிப் பேசவில்லை.

இன்னும் பின்னால் போனால், 1890 வாக்கில் வெளியான ஒரு கொச்சைச் சொல் அகராதி 'போஷ்' என்பதற்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, பகட்டாக உடுத்துபவன். இன்னொன்று காசு, அதிலும் அரைப் பென்னி போன்ற சில்லறை. இந்தச் சில்லறைப் பொருள் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் திரிந்த, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் பேச்சில் 'போஷ்' என்றால் பாதி. அரைப் பென்னியைப் 'போஷ் ஹோரி' என்றார்கள். காசைக் குறித்த சொல்தான் காசுள்ளவனுக்கும் அவனுடைய உடுப்புக்கும் ஆகியிருக்கலாம் என்பது சிலர் கருத்து. அகராதிக்காரர்கள் இந்தக் கடைசிப் படியை மட்டும் 'இருக்கலாம்' என்ற அளவிலேயே நிறுத்துகிறார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

முதலெழுத்துகளைக் கோத்துப் புதுச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது முதலெழுத்து விளக்கம் சொன்னால், ஆதாரம் காட்டு என்று கேளுங்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு சேர்ந்து 'நியூஸ்' ஆனது என்று நம் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. 'நியூ' என்றால் புதியது, 'நியூஸ்' என்றால் புதியவை. அவ்வளவுதான் விஷயம்.

சரி, இந்தியத் தொடர்பு வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? அது வேறு இடத்தில் இருக்கிறது. ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் மொழியில் இரண்டு 'துய்', ஐந்து 'பஞ்ச்', பத்து 'தெஷ்'. பாதியைக் குறிக்கும் அந்தச் சொல்லை, பக்கம் என்று பொருள்படும் 'பார்ச்வ' என்ற வடசொல்லின் வழி வந்ததாக மொழியியலார் காட்டுகிறார்கள். அதே சொல் தமிழில் 'பாரிசம்' ஆனது. உடம்பின் ஒரு பாதி செயலிழந்தால் பாரிசவாயு என்கிறோமே, அந்தப் பாரிசம்தான்.

துணுக்கு அனுப்ப விரும்பினால் இதை எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.