அயர்லாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீகைக் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களா? அதில் என்ன இருக்கிறது?

இருக்கிறோம். 2023இல் நான் இருக்கும் கால்வே நகரத்தின் அணியான கால்வே யுனைடெட் அந்த லீகை வென்றபோது, உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை மைதானத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

மேற்படிப்புக்குக் கால்வே வரப்போவதாகவும், யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்தால் ஆட்டம் "நம்ம ஊர் செவன்ஸ் மாதிரி" இருந்தது என்றும் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இங்கிலாந்து ப்ரீமியர் லீகாகத்தான் இருக்கும். சனிக்கிழமை மாலை டிவி, கையில் போன், ஒரு மான்செஸ்டர் ஜெர்ஸி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அணிக்கு ஏழு பேர் ஆடும் நம் செவன்ஸைக் குறைத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். கடல் மணலில் செவன்ஸ் பார்த்துத்தான் கால்பந்தைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் லீகின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மீதி புரியாது. அயர்லாந்தில் மேலே ப்ரீமியர் டிவிஷன், அதில் பத்து அணிகள். அதற்குக் கீழே முதல் டிவிஷன். 2023இல் அங்கேயும் பத்து அணிகள், ஆளுக்கு 36 ஆட்டங்கள். பிப்ரவரியில் தொடங்கி அக்டோபரில் முடியும். குளிர்காலத்தில் ஆடுவதை அவர்கள் 2003லேயே விட்டுவிட்டார்கள். முதலிடம் பிடிக்கும் அணி மட்டும் நேராக மேலே போகும். இரண்டிலிருந்து ஐந்தாம் இடம் வரை வரும் நான்கு அணிகள் ப்ளே ஆஃப் என்ற கூடுதல் சுற்றில் தங்களுக்குள் மோத வேண்டும். அதில் ஜெயித்து வருகிற அணி, ப்ரீமியர் டிவிஷனில் ஒன்பதாவதாக வந்த அணியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடும். அதில் தோற்றால் மறுபடி பிப்ரவரியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வருடம் முழுக்க நன்றாக ஆடி இரண்டாம் இடம் பிடித்த அணி நவம்பரில் ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் இழக்கலாம். 2023இல் கடைசி இடத்துக்குத் தண்டனை கிடையாது, அங்கிருந்து கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை.

கால்வே இந்தக் குழியில் விழுந்த கதையே எனக்கு இன்றும் எரிச்சல் தரும். 2017இல் ப்ரீமியர் டிவிஷனை 12 அணிகளிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். அதற்காக அந்த ஒரு வருடம் மட்டும் மூன்று அணிகளைக் கீழே தள்ளினார்கள். கால்வே பத்தாவது இடம். அதற்கு முந்தைய வருடமாக இருந்தால் தப்பியிருக்கும். விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், அறிவித்ததுதான். அதனால் வலி குறைந்துவிடுமா?

அப்புறம் ஆறு பருவங்கள் கீழேயே. 2020இல் கொரோனாவால் சுருங்கிய பருவத்தின் நடுவே ஜான் கால்ஃபீல்ட் பயிற்சியாளராக வந்தார். 2017இல் கார்க் சிட்டிக்கு லீகையும் கோப்பையையும் ஒரே வருடத்தில் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவர் வந்தும் 2020இல் லாங்ஃபோர்டிடம் தோல்வி, 2021இல் பிரே வாண்டரர்ஸிடம் தோல்வி, 2022இல் வாட்டர்ஃபோர்டிடம் தோல்வி. மூன்றுமே ப்ளே ஆஃபில். என் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கால்வேக்காரர் இருக்கிறார். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசமாட்டார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரிந்த பிறகு, அடுத்த பிப்ரவரியில் என்னையும் கூட்டிப் போங்கள் என்று நானே கேட்டேன்.

மைதானத்தின் பெயர் ஈமன் டீசி பார்க். காரிப் ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1980-81இல் ஆஸ்டன் வில்லா இங்கிலாந்து லீகை வென்றபோது அந்த அணியில் இருந்த கால்வேக்காரர் ஈமன் டீசி, அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு 7:45க்கு ஆட்டம். பிப்ரவரி, மார்ச்சில் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று காதை அறுக்கும், மழை படுக்கை வாட்டில் அடிக்கும். ஆனால் கோட்டுக்கு மிக அருகில் நிற்கலாம். வீரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவது கேட்கும், கார்னர் எடுக்க வருபவரின் மூச்சு தெரியும். காணொளி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விஏஆர் கிடையாது. கோல் விழுந்தால் விழுந்ததுதான், ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மைதானத்தில் ஓடுபவர்களை நாளைக்குக் கடைத்தெருவில் பார்ப்பீர்கள். ஸ்டீபன் வால்ஷ் என்று ஒரு முன்கள வீரர், உள்ளூர்க்காரர். அவர் தலையால் முட்டி கோல் போடும்போது, பக்கத்தில் நிற்பவர் "இவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

அந்த வருடம் அவர்கள் ஆடியதை ஆதிக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். 36 ஆட்டங்களில் 94 புள்ளிகள், முதல் டிவிஷனில் அதுவரை யாரும் எடுக்காதது. இரண்டாவது வந்த வாட்டர்ஃபோர்டுக்கு எட்டாத தூரம். கோப்பைப் போட்டியிலும் அரையிறுதி வரை போனார்கள்.

பட்டம் உறுதியானது செப்டம்பரில், கெர்ரி மாவட்டத்தின் டிரலீ ஊரில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெர்ரி என்றாலே கேலிக் கால்பந்து, கையையும் பயன்படுத்தி ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம். 2022 அகில அயர்லாந்து இறுதியில் அவர்கள் தோற்கடித்தது கால்வேயைத்தான். கேலிக் வேறு, நாம் பார்க்கும் கால்பந்து வேறு, ஆனால் ஊர்ப் பெருமை ஒன்றுதானே. அப்படிப்பட்ட கெர்ரியில் 2023இல்தான் முதன்முறையாக ஒரு அணி இந்த லீகில் சேர்ந்திருந்தது. முதல் வெற்றிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். ஆனாலும் மவுண்ட்ஹாக் பார்க்குக்கு அவர்கள் ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து நின்றதை நான் மதிக்கிறேன். ஜெயிக்கும் அணியைப் பார்க்கப் போவதற்கு யாருக்கும் துணிச்சல் தேவையில்லை.

நாங்கள் நான்கு பேர் ஒரே காரில் போனோம். சுமார் 200 கிலோமீட்டர். லிமெரிக் தாண்டி அடேர் என்று அழகான ஊர் ஒன்று இருக்கிறது, கூரை வேய்ந்த வீடுகள், சுற்றுலாப் பயணிகள். வெள்ளிக்கிழமை மாலை அந்த ஒற்றைத் தெருவில் வண்டி நகராது. மணியைப் பார்த்துப் பார்த்து என் அலுவலகத்துக் கால்வேக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கால்வே 4-0. கடைசி விசில் அடித்ததும் மெரூன் சட்டை போட்ட கூட்டம் வேலி ஓரம் ஓடியது. நம்மவர் ஓடவில்லை, பாஸ்டனில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி லீகின் ஒளிபரப்பில் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் பேசவே இல்லை, அழுதார்கள். நானும் அழுதேன். நான் பிறந்த ஊர் இல்லைதான். ஆனால் ஆறு வருடம் ஒரு மனிதர் சுமந்தது இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கண் கலங்காதா?

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இங்கே வரப் போகிறவர் என்பதால். அதே கோடையில்தான் நாங்கள் வீடு தேடிக்கொண்டிருந்தோம். கால்வேயில் ஜூலையில் கலை விழா, மாத இறுதியில் குதிரைப் பந்தயம், செப்டம்பரில் மாணவர்கள். மாதாமாதம் வாடகை கட்டத் தயாராக இருக்கும் குடும்பத்தை விட ஒரு வாரம் தங்குபவரே மேல் என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு இரண்டு அறை வீட்டைப் பார்க்கப் போனால் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் கடிதம், வங்கி அறிக்கை எல்லாம் கொடுத்தும் ஏஜென்ட் பதிலே போடவில்லை. "இல்லை" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? சின்னக் குழந்தையோடு வரிசையில் நிற்பவர்களை அப்படி நடத்துவது எனக்கு இன்றும் ஆறவில்லை. விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தங்குமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

சரி, கால்பந்துக்கு வருகிறேன். பணம் வந்ததால்தான் கால்வே ஜெயித்தது என்று கண்டிப்பாக ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதுவார். கட்டுமானத் தொழிலதிபர்களான காமர் சகோதரர்கள் கிளப்பின் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது உண்மை, அந்தப் பணம் உதவியதும் உண்மை. ஆனால் அந்தப் பருவம் தொடங்கும்போது வாட்டர்ஃபோர்டும் ஏழை அணியாக இல்லை. இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் டவுன் கிளப்பின் உரிமையாளர் கையில்தான் அதுவும் இருந்தது. பணம் மட்டும் 94 புள்ளி வாங்கித் தராது. பிப்ரவரி சேற்றில், பகலில் வேலை பார்த்துவிட்டு வரும் எதிரணிக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடும்போது, ஒவ்வொரு வாரமும் அங்கே போய் ஜெயிக்க வேண்டும்.

தரம் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. பந்தை நிறுத்துவது, கடத்துவது எல்லாமே டிவியில் பார்ப்பதை விட மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் மான்செஸ்டர் ஜெர்ஸி போடுபவருக்கு ஒன்று சொல்வேன். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனான ராய் கீன் 1989-90இல் இதே முதல் டிவிஷனில், கோவ் ராம்ப்ளர்ஸ் என்ற துறைமுக ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். அங்கிருந்துதான் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை எடுத்தது. 2023இல் கோவ் ராம்ப்ளர்ஸ் ப்ளே ஆஃப் இறுதி வரை வந்து வாட்டர்ஃபோர்டிடம் தோற்றது. அத்லோன் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 யுஇஎஃப்ஏ கோப்பையில் ஏசி மிலானைத் தன் ஊரில் 0-0 என்று நிறுத்திய அணி, அதுவும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டுவிட்டு. அதுவும் இந்த டிவிஷனில்தான் இருக்கிறது. ஷெல்போர்ன் 2021இல் முதல் டிவிஷனை வென்று மேலே போனது, 2024இல் டேமியன் டஃப் பயிற்சியில் அயர்லாந்துச் சாம்பியனே ஆகிவிட்டது. மறுபக்கம் டண்டாக், 2020இல் யூரோப்பா லீக் குழுச் சுற்றில் ஆர்சனலோடு மோதிய அணி, 2025இல் இந்த டிவிஷனில் ஆட வேண்டி வந்தது. வென்று திரும்பிப் போனார்கள். இன்னொன்று, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயதுக்கு உட்பட்ட அயர்லாந்துப் பையன்கள் இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போக முடியாது. அதனால் திறமையுள்ள இளைஞர்களை இப்போது இந்த மைதானங்களில்தான் முதலில் பார்க்க முடிகிறது.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் லிவர்பூல் ஆட்டத்துக்கு விமானம் ஏறிப் போகிறார்கள், வீட்டுப் பக்கத்து மைதானத்துக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அவர்கள் இஷ்டம், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அவர்களே வந்து "அந்த லீகையா பார்க்கிறாய்?" என்று கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால்வே 2023லேயே மேலே போய்விட்டது, 2024இல் ஐந்தாவது இடம் பிடித்தது. ஆகவே ஈமன் டீசி பார்க்கில் நீங்கள் பார்க்கப்போவது ப்ரீமியர் டிவிஷன் ஆட்டம்தான். அதற்கும் போங்கள், மழைக்கோட்டு கட்டாயம். இரண்டாம் நிலையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் டப்ளின் ரயிலில் ஏறி அத்லோனில் இறங்குங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மைதானம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும் என்பதால் திரும்பி வரும் கடைசி ரயிலோ பஸ்ஸோ எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.