தங்க முலாம் பூசிய கனெக்டர் போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?

கேட்காது. தங்கம் செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெள்ளி முதலிடம், அடுத்தது செம்பு, தங்கம் அதற்கும் பின்னால்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆடியோ கருவிகளை இணைக்கும் ஒயரின் முனையில் இருக்கும் ஆர்சிஏ பிளக்கின் நடு முள் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், 2 சென்டிமீட்டர் நீளம் என்று வையுங்கள். முழுக்கப் பித்தளையாக இருந்தாலும் அதன் மின்தடை 0.2 மில்லி ஓம்தான் வரும். எதிரே ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை பெரும்பாலும் 10,000 ஓமுக்கு மேல். முள்ளைச் செம்பிலோ வெள்ளியிலோ செய்தால் என்ன மாறிவிடும்? காது இருக்கட்டும், சாதாரண மல்டிமீட்டர்கூட அதைக் காட்டாது.

அப்புறம் தங்கம் எதற்கு? அது கறுக்காது, துருப்பிடிக்காது. ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தாலும் தொடும் பரப்பு சுத்தமாக இருக்கும். முலாமுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அதே பித்தளைதான்! அடிக்கடி கழற்றி மாட்டினால் மெல்லிய முலாம் தேய்ந்தும் போகும். நிக்கல் முலாம் தேய்மானத்தை நன்றாகவே தாங்கும்.

சத்தத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தளர்ந்த பிடிப்பு, அழுக்கு, விரிசல் விட்ட சால்டர் (ஒயரைப் பிளக்கோடு பற்றவைத்த இடம்). பிளக்கை மெல்லத் திருகிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சால்டரைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் விஷயம் வேறு: அங்கே ஸ்பீக்கரின் மின்தடையே 4 அல்லது 8 ஓம்தான் என்பதால், நீளமான மெல்லிய ஒயரைத் தடிமனாக மாற்றினால் நிஜமாகவே பலன் உண்டு.