டாக்டர் எங்கே போனார்? ஆஸ்பத்திரி கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவற்றில் நோயே இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள். யார் வந்தார், யார் போனார், ஏன் போனார் என்பதுதான் கேள்வி. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடுவோம்.

கேள்வி: எங்கள் தாலுகா ஜி.எச்.சில் ஒரு மகப்பேறு டாக்டரம்மா இருந்தார். நல்ல கைராசி. என் மூத்த மகளுக்கு அவர்தான் பிரசவம் பார்த்தார். இப்போது இளையவளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆளைக் காணோம். பெயர்ப்பலகையில் பெயர் அப்படியே இருக்கிறது. கேட்டால் "மேடம் இப்ப இங்க இல்ல" என்கிறார்கள், அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. எங்கேதான் போயிருப்பார்?
— வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள் அம்மா. அது பெயின்டர் வந்தால்தான் மாறும்.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கண்ணில் படாமல் போவதற்கு நாலைந்து வழிகள் உண்டு. டிரான்ஸ்ஃபர் ஆகியிருந்தால் விஷயம் நேரானது, இடம் காலி, கலந்தாய்விலோ புதிய நியமனத்திலோ யாராவது வருவார்கள், எப்போது என்பதுதான் கேள்வி. மேற்படிப்புக்குப் போவது இன்னொன்று. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மருத்துவ மேற்படிப்பில் 50 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, மாநிலங்கள் அப்படிக் கொடுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு அது உறுதியாகிவிட்டது. எம்.டி., எம்.எஸ். என்றால் மூன்று வருடம். ஆனால் உங்கள் டாக்டரம்மா ஏற்கெனவே மகப்பேறு படித்தவர் என்பதால் இது அவருக்குப் பொருந்துவது குறைவுதான். பொது மருத்துவம் பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் திடீரென்று மறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம், அவருக்கே குழந்தை பிறந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவருக்கும் பேறுகால விடுப்பு உண்டல்லவா. 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 12 மாதம். நல்ல விஷயம், ஆனால் அந்த ஒரு வருடமும் பணியிடம் காகிதத்தில் நிரம்பியே இருக்கும், புது ஆள் போட முடியாது.

இத்தனையிலும் ஊர்க்காரர்களை அதிகம் குழப்புவது மாற்றுப்பணி, அவர்கள் பேச்சில் டெபுடேஷன். சம்பளம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், வேலை வேறு ஊரில். சில சமயம் வாரத்தில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் இரவு டூட்டிக்கு ஆள் இல்லை என்றால் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து இழுப்பார்கள், இது ரொம்ப காலமாக நடப்பதுதான். இழுக்கிற அதிகாரிக்கு அதில் நியாயம் இருக்கும், நாளைக்கு நூறு பேர் வருகிற இடத்தையும் முப்பது பேர் வருகிற இடத்தையும் அவர் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் அந்த முப்பதில் ஒருவர் உங்கள் மகள். அவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, என் கோபமெல்லாம் அங்கேதான். ஒரு துண்டுத் தாளில் "இந்த மாதம் மகப்பேறு டாக்டர் திங்கள், புதன், வெள்ளி மட்டும்" என்று எழுதி ஓ.பி. சீட்டுக் கவுன்ட்டரில் ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மகப்பேறு டாக்டர் இருந்தால் மட்டும் போதாது. சிசேரியன் தேவைப்பட்டால் மயக்க மருந்து டாக்டர் வேண்டும், குழந்தை டாக்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போனாலே அந்த ஊர் ஆபரேஷன் தியேட்டர் பூட்டிக்கொள்ளும். அந்தச் செய்தி ஊரில் யாருக்கும் தெரியாது, அவர் முகத்தை நோயாளிகள் பார்ப்பதே இல்லை. அதனால் மகளுக்கு மாதம் ஏறும் முன்பே உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், 24 மணி நேரமும் சிசேரியன் செய்யக்கூடிய 'சீமாங்' மையம் எது, அங்கே இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று. கலெக்டர் ஆபீசுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "அனைத்துப் பணியிடங்களும் நிரப்பப்பட்டுள்ளன" என்று பதில் வந்தது. ஆனால் ஓ.பி.யில் ஒரே ஒரு டாக்டர்தான் உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்கிறார்களா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பொய் இல்லை. நீங்கள் கேட்டதற்குச் சரியான பதில். மாற்றுப்பணியில் போனவரும் விடுப்பில் இருப்பவரும் காகிதத்தில் இங்கேதான் இருக்கிறார்கள். மேலே சொன்னதைப் படித்திருந்தால் எங்கே கோட்டை விட்டீர்கள் என்று புரிந்திருக்கும்.

மறுபடி எழுதுங்கள். இந்த முறை கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, பதவி வாரியாக. அதில் நிரப்பப்பட்டவை எத்தனை. நிரப்பப்பட்டவர்களில் இன்றைய தேதியில் மாற்றுப்பணியில் வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணையின்படி. நீண்ட விடுப்பிலும் மேற்படிப்பிலும் இருப்பவர்கள் எத்தனை. கூடவே, வேறு இடத்திலிருந்து மாற்றுப்பணியில் இங்கே வந்திருப்பவர்கள் எத்தனை என்றும் கேளுங்கள், நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஆணையின் நகல் கேளுங்கள். "ஏன் அனுப்பினீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது.

தாலுகா ஆஸ்பத்திரி என்றால் மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. சொல்லப்போனால் ஊழியர்களின் பட்டியலையும் சம்பளத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. செய்தால் நீங்களும் நானும் ஸ்டாம்ப் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: ஹவுஸ் சர்ஜன் என்று சின்னப் பசங்களை விட்டு ஊசி போடச் சொல்கிறார்களே, இவர்கள் டாக்டரா, ஸ்டூடன்டா?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டும். எம்.பி.பி.எஸ். பாடம் நாலரை வருடம் முடித்து, எல்லாத் துறைகளிலும் சுழற்சியாக ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டியவர்கள். அந்த ஒரு வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு உண்டு, பெரிய டாக்டர்களின் மேற்பார்வையில்தான் வேலை. சந்தேகம் இருந்தால் "உங்க யூனிட் சீஃப் யார் சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மற்றபடி, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள் அப்பாவுக்கு டிரிப் ஏற்றி, ரத்தம் எடுத்து, லேபுக்கும் அலைபவர் அந்தச் சின்னப் பையன்தான். கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஆனதும் ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் பழைய டாக்டர், சிஸ்டர்களில் பலரைக் காணோம். எல்லாம் புது முகம். பெரிதாக்கினால் பழைய ஆட்களைத் துரத்தத்தான் வேண்டுமா?
— வாசகர், மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து

பதில்: துரத்தவில்லை, முதலாளி மாறிவிட்டார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் மூன்று இயக்ககங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ், தாலுகா ஆஸ்பத்திரியும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்களே, விருதுநகர், நாமக்கல், திருப்பூர், நீலகிரி, அரியலூர் என்று, அங்கெல்லாம் பழைய தலைமை ஆஸ்பத்திரி ஓர் இயக்ககத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குப் போனது. காலேஜ் என்றால் பாடம் நடத்தத் தகுதியுள்ள உதவிப் பேராசிரியர்கள் வேண்டும், பழைய ஆட்கள் தங்கள் இயக்ககத்தின் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டியிருந்தது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி என்ற பெயரும் வேறு ஊருக்கு நகர்ந்தது, நாமக்கல் மாவட்டத்துக்கு ராசிபுரம், திருவள்ளூருக்குத் திருத்தணி என்று. உங்கள் பழைய சிஸ்டர் ஒருவேளை அப்படி ஓர் ஊரில்தான் இருப்பார்.

புது முகங்கள் எல்லோரும் நிலையாக இருப்பார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஆசிரியர் கணக்குக் காட்ட வேண்டிய நேரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை அனுப்புவது ஊரறிந்த ரகசியம். இப்போது ஆதாரோடு இணைந்த முகப்பதிவு வருகை வந்திருப்பதால் அந்த விளையாட்டு கொஞ்சம் கஷ்டமாகியிருக்கிறது.

கேள்வி: என் மகள் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். தொகுப்பூதியம்தான். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரம். எப்போது பெர்மனென்ட் ஆவாள், எப்போது பக்கத்தில் வருவாள்? மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்கள் மகள் போட்டித் தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு விதிப்படி தேர்வானவள், யாருடைய சிபாரிசிலும் வந்தவள் இல்லை.

இனி உங்களுக்கு. எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் வந்தது. 2015-ல் அதன் மூலம் ஆயிரக்கணக்கில் செவிலியர்களை எடுத்தபோது சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம், என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. நிரந்தரப் பணியிடம் காலியானால்தான் உள்ளே எடுப்போம் என்று இழுத்ததில் பலருக்கு அது பல வருடமானது, போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் நடந்தன, தொகுப்பூதியம் படிப்படியாக ஏறி 18,000 ஆனது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்தவர்களில் சுமார் 2,400 பேரை 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பியதும் நடந்தது. பி.பி.இ. உடையில் வியர்த்து நின்றவர்களுக்கு அப்படி ஒரு புத்தாண்டு.

ஆக, பெர்மனென்ட் என்பது காலியிடத்தையும் சீனியாரிட்டியையும் பொறுத்தது. மகளுடைய சீனியாரிட்டி எண் என்ன, இதுவரை எந்த எண் வரை எடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டால் ஓரளவுக்குக் கணக்குப் போடலாம், சங்கத்துக்காரர்களிடம் அந்தப் பட்டியல் விரல் நுனியில் இருக்கும். ஊர் மாறுவதற்கு, பொது மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், அதே பதவியில் தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போக விரும்பும் ஒருவர் கிடைத்தால் மனமொத்த மாறுதலும் கேட்கலாம். வாட்ஸ்அப் குரூப்புகளில் தினமும் இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். "பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதில் ஏமாந்தவர்கள் நிறைய.

கேள்வி: எங்கள் சுகாதார நிலையத்து சிஸ்டர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஊர் சார்பில் விழா எடுத்து ஒரு பவுன் மோதிரம் போடலாம் என்று இருக்கிறோம். தப்பா?
— வாசகர்கள், சிவகங்கை மாவட்டம்

பதில்: மனசு தப்பில்லை, மோதிரம் தப்பு. 1973-ம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசுப் பொருள் விஷயத்தில் கறாரானவை, ஓய்வு பெறுகிற நாளில் அவருக்குத் தலைவலி கொடுக்காதீர்கள். சால்வை, டீ, வடை, நாலு பேர் நாலு வார்த்தை, போதும். ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்ததில் அவர் கூடுதலாகவே உங்களுக்கு வேலை பார்த்திருக்கிறார். மே 31 என்பதால் அதே நாளில் மாவட்டம் முழுக்கப் பல பேர் ஓய்வு பெறுவார்கள் (பள்ளியில் சேர்க்கும்போது அப்பா அம்மா வாத்தியாரிடம் சொல்லிப் போட்ட பிறந்த தேதிகள்!), எனவே அடுத்த சிஸ்டர் எப்போது வருவார் என்பதை விழாவிலேயே வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். மைக் கையில் இருக்கும்போது கேட்டால் பதில் வரும்.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்குப் போனால் கையில் கலர் டேக் கட்டி, ஒருத்தர்தான் உள்ளே என்கிறார்கள். நாங்கள் என்ன குற்றவாளிகளா?
— வாசகர், சென்னை

பதில்: 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் டாக்டரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அதன் பிறகு இறுகியதுதான் இது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, பயந்த ஆளைத்தான் காணோம். டேக் கட்டிக்கொள்ளுங்கள். வார்டில் கூட்டம் குறைந்தால் உங்கள் நோயாளிக்கும் காற்று வரும்.

கேள்வி: பேப்பரில் "புதிய டீன் பொறுப்பேற்பு" என்கிறார்கள், அப்புறம் "பொறுப்பு டீன்" என்கிறார்கள். எனக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று புகார் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொறுப்பேற்றவர் நிரந்தரமாக வந்தவர். பொறுப்பு டீன் என்பவர் நாற்காலி காலியாக இருப்பதால் தன் சொந்த வேலையோடு சேர்த்து அதையும் பார்ப்பவர், பெரிய முடிவு எதிலும் கை வைக்கத் தயங்குவார். நிரந்தர டீன்களும் சீனியாரிட்டிப்படி வருவதால் ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது நாற்காலி கிடைப்பவர்கள் அதிகம்.

லிஃப்ட்டுக்கு டீன் வேண்டாம். நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ., அறையைத் தேடிப் போங்கள். கட்டடம், தண்ணீர், துப்புரவு, செக்யூரிட்டி எல்லாம் அவர் தலையில்தான். எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100-க்கு போன் செய்து அந்த நகலைப் பார்த்துக்கொண்டே புகாரைச் சொல்லுங்கள்.