இணையம் அடிக்கடி நிற்கிறதா? நிறுவனத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் வீட்டிலிருந்து இணையவழி வகுப்பு எடுக்கிறேன். ஃபைபர் இணைப்பு நாளில் பல தடவை நின்று வருகிறது. நிறுவனத்தில் கேட்டால் லைன் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள். பக்கத்து வீட்டார் 4ஜி ரவுட்டர்தான் நல்லது என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: வேகச் சோதனை இதற்கு உதவாது. அது அந்த நிமிடத்து வேகத்தை மட்டுமே காட்டும். தடைகளைப் பிடிக்க, நாள் முழுவதும் ஒரு கருவி பிங் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிப் பதிந்துகொண்டிருக்க வேண்டும்.

பழைய லப்டொப் ஒன்றோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியோ போதும். 'அப்டைம் கூமா' என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவி, ரவுட்டருடன் கேபிளால் இணையுங்கள். வைஃபையில் விட்டால் சுவர் மறித்த சிக்னலும் நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். ஸ்லீப் மோடை நிறுத்த மறக்க வேண்டாம்.

பிங் அனுப்ப நான்கு முகவரிகள் கொடுங்கள்: உங்கள் ரவுட்டர், ட்ரேஸ்ரூட் (தரவு போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் கட்டளை) செய்தால் ரவுட்டருக்கு அடுத்ததாக வரும் நிறுவனத்தின் முகவரி (அது பதில் தராவிட்டால் அதற்கு அடுத்தது), வெளியே உள்ள 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்), 8.8.8.8 (கூகிள்). இடைவெளி 20 செக்கன், மறுமுயற்சி ஒன்று. டேட்டா நாளுக்கு இரண்டு மூன்று எம்பிதான் போகும். இவற்றோடு, பெயரால் ஓர் இணையத்தளத்தைத் திறந்து பார்க்கும் சோதனையையும் சேருங்கள்.

ரவுட்டரே பதில் தராவிட்டால் குறை வீட்டுக்குள்: அடப்டர், கேபிள், கறண்ட். ரவுட்டர் இருக்க, நிறுவனத்தின் முகவரியும் வெளியே இரண்டும் சேர்ந்து போனால் லைனைச் சந்தேகியுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லொஸ்' விளக்கு சிவப்பாகும். ஒளி வரவில்லை என்று பொருள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்மை (மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு) நெருங்கியிருந்தால், இணைப்பு நின்று நின்று வருவதற்கு அதுவே காரணமாகலாம். மதில் மூலையில் வயர் மடிந்திருக்கிறதா பாருங்கள். நிறுவனம் வரை போய், வெளியே இரண்டும் விழுந்தால் பிழை அவர்களுடைய மேல் இணைப்பில். எண்கள் எல்லாம் பதில் தர, பெயர்ச் சோதனை மட்டும் தோற்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு. ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என மாற்றிப் பாருங்கள். இதற்காக நிறுவனம் மாற வேண்டியதில்லை.

மின்வெட்டைத் தனியாகக் குறியுங்கள். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜீபொன் (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்) முறையில் வருகிறது. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையில் அதற்கு மின்சாரம் தேவையில்லை. உங்கள் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சிறிய டிசி யூபிஎஸ் போட்டால் (அடப்டரில் உள்ள வோல்ட், அம்பியர் பார்த்து வாங்குங்கள்) கறண்ட் போனாலும் வகுப்பு நடக்கும். 4ஜி அப்படியல்ல. கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால் வீட்டில் எத்தனை யூபிஎஸ் இருந்தும் பயனில்லை.

4ஜியை அதே மேசையில், அதே நாட்களில், வேறொரு கருவியில் அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே லப்டொப்பில் இணைத்தால் பிங் எல்லாம் ஒரே வழியாகப் போய், ஒப்பீடு பொய்யாகிவிடும். சுன்னாகத்து நண்பரின் அனுபவமும் உதவாது. அவருக்குக் கோபுரம் வேறு. இரவு 7 முதல் 10 வரை தாமதம் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பாருங்கள். நெரிசலில் 4ஜி அறாமலே திணறும்.

முடிவை வெறும் சதவீதத்தில் எடுக்காதீர்கள். 30 நாளில் 43,200 நிமிடம், இணைப்பு இருந்தது 99.5 சதவீதம் என்றால் 216 நிமிடம் தடை. அது ஒரே பின்னேரத்தில் போயிருக்கலாம், அல்லது இரண்டு இரண்டு நிமிடமாக 108 தடவை அறுந்திருக்கலாம். வகுப்பு எடுப்பவருக்கு இரண்டாவதே கொடுமை. ஆகவே வகுப்பு நேரத்தில் எத்தனை தடவை நின்றது, மிக நீண்ட தடை எவ்வளவு என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

இரண்டு இணைப்பு வைப்பதானால் ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி என்று, வேறு வேறு நிறுவனத்தில் எடுங்கள். ஒழுங்கையில் ஒரே தூண் வழியே வரும் இரண்டு வயரையும் ஒரு முறிந்த கிளை அறுத்துவிடும்.

முறையிடும்போது திகதி, தொடக்க நேரம், முடிவு நேரம், எந்த முகவரி விழுந்தது என்ற பட்டியலை எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு எண்ணை வாங்கி வையுங்கள். தீர்வு வராவிட்டால் அதே பட்டியலை அந்த எண்ணோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.