தசை சுருங்கத்தானே ஆற்றல் வேண்டும், தளர்வது தானாக நடந்துவிடும் அல்லவா?

இல்லை. நீங்கள் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். பள்ளியில் நானும் இதைத்தான் கேட்டேன். "தளர்ந்துவிடும், அவ்வளவுதான். பாடத்தில் உள்ளதை எழுது" என்றார் ஆசிரியர். அந்தப் பாடத்தின் தேர்வில், தசையின் சுருங்கும் அலகான சார்க்கோமியரின் படத்தைப் பென்சிலில் வரையாமல் பேனாவில் வரைந்தேன் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பாகங்கள் அத்தனையும் சரியாகக் குறித்திருந்தேன். அது இன்றும் ஆறவில்லை.

பதில் கிடைத்தது அப்பா இறந்த பிறகு. நள்ளிரவில் உயிர் பிரிந்தபோது வலது கை மார்பின் மேல் மடங்கியிருந்தது. விரல்கள் என் கைக்குள் துவண்டு கிடந்தன. காலை ஏழு மணிக்கு வந்த தம்பி அந்தக் கையை நீட்டிவிடப் பார்த்தான். அசையவில்லை. கட்டைவிரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. "யாருக்காகவோ கையை இறுக்கி வச்சிருக்காரே அண்ணன்" என்று அத்தை கதறினார்.

அப்பா இறுக்கவில்லை. விடுவதற்குத்தான் அவர் உடம்பில் ஏடிபி இல்லை. ஏடிபி என்பது செல்கள் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு.

நரம்பின் கட்டளை வந்ததும் தசைச் செல்லின் உள்ளிருக்கும் பைகளிலிருந்து கால்சியம் வெளியேறி ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டும். ஆக்டின் என்ற மெல்லிய இழையை மறைத்திருக்கும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் நகரும். தடித்த இழையான மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும்; இந்தப் பிணைப்புதான் குறுக்குப்பாலம். இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றையொன்று ஒட்டிச் சறுக்குகின்றன. 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன. பற்றிய தலை விடுபடப் புதிதாக ஓர் ஏடிபி வந்து அதில் பிணைய வேண்டும். கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றவும் ஏடிபிதான். இறந்தபின் அது தீர்ந்துபோகிறது, கால்சியம் கசிகிறது, பற்றிய தலைகள் பற்றியபடி நின்றுவிடுகின்றன. புரதங்கள் சிதையத் தொடங்கினால்தான் விறைப்பு போகும்.

துக்கத்தில் இருப்பவரிடம் அறிவியல் பேசுவதா என்று யாரும் கோபப்பட வேண்டாம். அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. குடல், ரத்தக்குழாய்ச் சுவர்களில் உள்ள மென்தசையில் ட்ரோப்போனினே கிடையாதே என்று மருத்துவம் படித்தவர்கள் கேட்கலாம். உண்மைதான், அதன் வழி வேறு. நான் எழுதியது எலும்புத்தசையைப் பற்றி.

தேர்வில் வந்தால் "ஏடிபி பிணைவதால் குறுக்குப்பாலம் பிரிகிறது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். படத்தைப் பென்சிலில் வரையுங்கள்.