பழைய ஷூர்ஃபயர் டார்ச்சில் எல்இடி மாட்டலாமா?

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஷூர்ஃபயர் 6பி டார்ச் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. உள்ளே இருக்கும் பல்பை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினால் ஏற்காட்டு வீட்டில் பயன்படுமா? இல்லை, புதிதாகவே ஒன்று வாங்கிவிடுவது நல்லதா?

பதில்:

தாராளமாக மாட்டலாம். அந்த டார்ச்சை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

6பி-யின் உடம்பு முழு அலுமினியம். பல்பும் அதைச் சுற்றியுள்ள கிண்ணமும் சேர்ந்து ஒரே துண்டாக வரும், பெயர் பி60. முன்தலையைத் திருகிக் கழற்றினால் அப்படியே கையில் விழும். பழைய பி60 தருவது 65 லூமன் (வெளிச்சத்தின் அளவு), அதுவும் சுமார் ஒரு மணி நேரத்துக்குத்தான். ஆனால் இந்த அளவும் வடிவமும் அவ்வளவு பரவிவிட்டதால், பின்னால் வந்த பல கம்பெனிகள் அதே வடிவத்தில் எல்இடி துண்டுகளைச் செய்ய ஆரம்பித்தன. ஷூர்ஃபயரே பி60எல் என்று ஒன்று விற்றது. மால்காஃப் கம்பெனியின் எம்61 துண்டுக்கு இன்றைக்கும் நல்ல பெயர். ஒயர் வேலை, சால்டரிங் எதுவும் வேண்டாம். பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு மூடினால் முடிந்தது.

எல்லாரும் முதலில் லூமனைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் டார்ச்சுக்கு வேண்டியது சிஆர்123ஏ செல் இரண்டு. ஒன்று 3 வோல்ட், இரண்டும் சேர்ந்து 6. ஃபிலிம் கேமராவில் போட்ட அதே செல்தான். விலை அதிகம், சார்ஜ் செய்ய முடியாது, மலைமேல் பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது. தினமும் ராத்திரி பயன்படுத்துகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

சார்ஜ் ஆகும் செல் என்றால் மூன்று வழி உண்டு. 16340 செல் இரண்டைப் போடலாம், அளவு சரியாக இருக்கும். ஆனால் முழு சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 8.4. பழைய பல்பு அதில் பட்டென்று போய்விடும். எல்இடி துண்டு 9 வோல்ட் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் இந்த வழி. இரண்டாவது, 17670 என்ற நீள செல் ஒன்று. பெரும்பாலான 6பி உடம்பில் அது நேராக உள்ளே போகும். சுமார் 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் துண்டு இதற்கு வேண்டும். நீங்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது.

மூன்றாவது 18650. இன்றைக்கு எங்கும் கிடைப்பதும், அதிக நேரம் நிற்பதும் அதுதான். ஆனால் அதன் விட்டம் 18 மில்லிமீட்டர், 6பி குழாய்க்குள் நுழையாது. உள்ளே போரிங் போட்டுப் பெரிதாக்க வேண்டும். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, செய்து தருவார்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். லேத்தின் பிடிப்பானான சக்கில் நேரடியாக இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், வெளியே ஒரு பிளந்த புஷ், அதாவது நீளவாக்கில் வெட்டுவிட்ட வளையம், போட்டுப் பிடிக்க வேண்டும். அப்புறம், சுவர் மெல்லிசாவதால் துளை கொஞ்சமும் கோணாமல் நடுவில் போக வேண்டும். நல்ல லேத்காரர் என்றால் நீங்கள் சொல்வதற்கு முன்பே புஷ்ஷைத் தேடுவார்.

அடுத்தது சூடு. பழைய பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு முன்பக்கமாகவே வீசிவிடும். எல்இடி சூட்டைப் பின்னால், தன் அடிப்பலகைக்குத் தள்ளும். அங்கிருந்து அது டார்ச் உடம்புக்குப் போய், உடம்பிலிருந்து உங்கள் கைக்கும் காற்றுக்கும் போக வேண்டும். மலிவான துண்டுகளுக்கும் டார்ச் உடம்புக்கும் நடுவே பொடி இடைவெளி இருக்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் எல்இடி உள்ளேயே வெந்து வெளிச்சம் மங்கும், ஆயுளும் குறையும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரலகலப் பட்டையாக வெட்டி, மேல் விளிம்பிலிருந்து கீழ்வரை இறுக்கிச் சுற்றி, லேசாகத் திருகித் தள்ளினால் உள்ளே போகிற அளவுக்கு வையுங்கள். தாளின் நுனி அடியில் தொங்கி நடு ஸ்பிரிங்கையோ செல்லின் பிளஸ் முனையையோ தொட்டால் ஷார்ட் ஆகும், அதைக் கட்டாயம் பாருங்கள். போட்டு ஐந்து நிமிடம் எரியவிட்டால் தலைப்பகுதி கைக்குச் சூடாகத் தெரிய வேண்டும். பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சூடு வெளியே வருகிறது என்றால் உள்ளே எல்இடி பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். நான் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன், டார்ச் இல்லாமல் எங்களுக்கு ராத்திரி இல்லை. இங்கே பனிமூட்டம் இறங்கினால் ஆயிரம் லூமன் வெளிச்சம் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைத் துளைக்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். பனித்துளி சுமார் 10 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் அளவுதான். அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பலன் தருவது பிடிக்கும் இடம். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே வைக்காமல் இடுப்புக்குக் கீழே இறக்கி, தரையைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சத்தையும் குறையுங்கள், பாதை தெரியும்.

மஞ்சள் கலந்த எல்இடியை நான் வேறு காரணத்துக்காக வாங்கச் சொல்வேன். காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் அன்று பறித்ததை அன்றைக்கே தோலுரிக்கும் பல்ப்பர் மெஷினில் போட வேண்டும், அது இருட்டிய பிறகும் நடக்கும். நீலம் அடிக்கும் 6500 கெல்வின் வெளிச்சத்தில் (கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலம், குறைந்தால் மஞ்சள்) பழுத்த பழம் செத்த பழுப்பாகத் தெரியும், அரைப்பழமும் அதே மாதிரிதான். நிறம் காட்டும் தரம் கூடின, 4000 அல்லது 5000 கெல்வின் எல்இடியில் பழுத்தது ரத்தச் சிவப்பாகவும் அரைப்பழத்தின் காம்போரப் பச்சை தனியாகவும் நிற்கும். சருகுக்குள் சுருண்டிருக்கும் பாம்பைப் பார்க்கவும் இதே வெளிச்சம்தான் உதவும். நிச்சியா 219 வகை எல்இடி கிடைத்தால் விடாதீர்கள். லூமன் எண்ணிக்கை கொஞ்சம் குறைவாக இருக்கும், பரவாயில்லை, 200 முதல் 400 வரை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதும். கிண்ணம் வழவழப்பாக இல்லாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம் வட்டம் வட்டமாக உடையாமல் சீராகப் பரவும்.

ஐந்து மோடு, கண் சிமிட்டும் மோடு என்றெல்லாம் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். 6பி-யின் பின்மூடியை அமுக்கினால் எரியும், விட்டால் அணையும், திருகினால் நிலையாக எரியும். மோடு மாற்ற வேண்டுமானால் அணைத்து அணைத்துப் போட வேண்டும், அந்த மூடிக்கு அது ஒத்துவராது. காட்டெருமை பாதையில் நிற்கும்போது சிமிட்டும் வெளிச்சம் முகத்தில் அடித்தால் அது மிரளும். ஒரே மோடு, அதிகம் போனால் இரண்டு.

கடைசியாக ஒன்று. சிஆர்123ஏ போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். புதிது ஒன்று பழையது ஒன்று என்று கலந்தால் பழையது எதிர்த்திசையில் தள்ளப்பட்டுச் சூடாகி வெடிக்கக்கூடும். சார்ஜ் செல் என்றால் உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் இருப்பதாகவே வாங்குங்கள். பல எல்இடி துண்டுகள் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வெளிச்சம் காட்டிவிட்டுத் திடீரென்று அணையும், பல்பு மாதிரி மஞ்சளாகி முன்கூட்டிச் சொல்லாது. அதனால் சட்டைப்பையில் இன்னொரு செல் இருக்கட்டும்.